பொதிமாடும் பீரங்கியும்

மைசூரிலிருந்து பெங்களூர் செல்லும் சாலையில் ஏறத்தாழப் பதினைந்து கிலோமீட்டர் கடந்தால், காவிரி இரு கிளைகளாகப் பிரிந்து தழுவி நிற்கும் ஸ்ரீரங்கப்பட்டணத்தை அடையலாம். இந்நகரில் பள்ளிகொண்ட பெருமானை ஆதிரங்கர் என்றும், சிவசமுத்திரத்தில் இருப்பவரை மத்தியரங்கர் என்றும், நம் திருவரங்கத்தில் இருப்பவரை அந்தியரங்கர் என்றும் போற்றுவது மரபு. ஆற்றின் போக்கிலே மூன்று அரங்கங்கள். பிழைப்புக்காக ஆற்றை எதிர்த்து மேலேறி வந்த தமிழ்க் குடும்பங்களுக்கு, முதல் அரங்கத்தில் நின்று கீழைக் காவிரியை நினைத்துக்கொள்வதில் ஓர் ஆறுதல் உண்டு.

நம்மில் பெரும்பாலோர் ஊரிலிருந்து உறவினர் வரும்போதெல்லாம் அவர்களை அங்கே அழைத்துச் செல்கிறோம். கோயிலைத் தொழுது, தரியா தௌலத் மாளிகையின் சுவரோவியங்களைக் கண்டு, திப்பு சுல்தான் வீழ்ந்த இடத்தைப் பார்த்து, நிழலான இடமாகத் தேடி அமர்ந்து கட்டுச்சோற்றைப் பிரிக்கிறோம். அவ்வாறு சென்ற ஒரு நாளில், மூன்று பைகளையும் ஒரு தண்ணீர்க் குடுவையையும் தூக்கிக்கொண்டு கோட்டைச் சுவரோரம் நடந்து களைத்தபோது, என்னுடன் வந்த முதியவர் ஒருவர், “அரை நாள் பயணத்துக்கு இவ்வளவு மூட்டையா? இந்தக் கோட்டையைப் பிடிக்க வந்தவன்கூட இவ்வளவு கொண்டு வந்திருக்க மாட்டான்” என்றார். எல்லோரும் சிரித்தோம். ஆயினும் அந்தச் சொல் என் மனத்தை விட்டு அகலவில்லை. இக்கோட்டையைப் பிடிக்க வந்தவர்கள் எவ்வளவு கொண்டு வந்தார்கள்? எப்படிச் சுமந்தார்கள்? அலுவலகக் கோப்புகளோடு நாளைக் கழிக்கும் ஓர் எழுத்தனாகிய நான், ஓய்வு நேரங்களில் அவ்வினாவுக்கு விடை தேடிப் படித்தவற்றையே ஈண்டு எழுதுகிறேன்.

முட்டுக்கட்டை என்னும் பெயர்

உரோமானியர் தம் படையின் மூட்டை முடிச்சுகளுக்கு ‘இம்பெடிமென்டா’ என்று பெயரிட்டிருந்தனர். காலைத் தடுப்பவை என்பது அச்சொல்லின் பொருள். பயணத்துக்குத் துணையாக எடுத்துச் செல்லும் பொருளே பயணத்துக்குத் தடையாகிவிடும் என்பதை அப்பெயரிலேயே அவர்கள் பொதித்து வைத்தார்கள். கி.மு. முதல் நூற்றாண்டை ஒட்டி வாழ்ந்த மாரியஸ் என்னும் தளபதி, ஒவ்வொரு வீரனும் தன் உணவையும் கருவிகளையும் தானே சுமக்கவேண்டும் என்று பழக்கி, வண்டிகளைக் குறைத்தான். அவ்வீரர்களை ‘மாரியஸின் கோவேறு கழுதைகள்’ என்று மக்கள் கேலி செய்தனராம். கேலிக்கு ஆளான அப்படையே வெற்றிகளைக் குவித்தது.

அலெக்சாந்தரைப் பற்றியும் புளூடார்க் ஒரு செய்தி கூறுகிறார். இந்தியாவை நோக்கிப் புறப்படும் வேளையில், கொள்ளைப் பொருள்களின் சுமையால் தன் படை நகர முடியாமல் நகர்வதைக் கண்ட அவ்வேந்தன், விடியற்காலையில் தன்னுடைய வண்டிகளுக்கே முதலில் தீ வைத்தான். பின்னரே மற்றவர் வண்டிகளுக்குத் தீ வைக்க ஆணையிட்டான். பிறர் மூட்டையைக் குறைக்கச் சொல்வது எளிது. தன் மூட்டையிலிருந்து தொடங்கியதால்தான் அந்த ஆணைக்குப் படை பணிந்தது.

நம் முன்னோரும் சுமையின் இயல்பை நன்கு அறிந்தவர்கள். உப்பு வண்டிகளோடு நெடுவழி செல்லும் உமணர்கள், வழியில் அச்சு முறிந்தால் உதவுவதற்காக மாற்று அச்சு ஒன்றை வண்டியின் கீழே கட்டிச் சென்ற வழக்கத்தைப் புறநானூறு கூறுகிறது. மிளகுப் பொதிகளை இருபுறமும் ஒத்த எடையாகச் சுமந்து செல்லும் கழுதைச் சாத்தினைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. முன்னது எதை எடுக்கவேண்டும் என்பதற்குச் சான்று. பின்னது எடுத்ததை எப்படிப் பகிர்ந்து ஏற்றவேண்டும் என்பதற்குச் சான்று. வழிநடைக்காரர் பிறர் உதவியின்றித் தலைச்சுமையை இறக்கி வைத்து இளைப்பாறுவதற்காகச் சாலையோரங்களில் நாட்டப்பட்ட சுமைதாங்கிக் கற்களைத் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் இன்றும் காணலாம். கருவுற்றிருந்து இறந்த பெண்ணின் நினைவாக அக்கல்லை நாட்டுவது வழக்கம். இறக்கி வைக்க முடியாமற் போன ஒரு சுமைக்கு ஈடாக, எத்தனையோ பேர் இறக்கி வைக்க ஓர் இடம்!

பரங்கிமலை வரை ஒரு பாய்ச்சல்

இனி ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வருவோம். இந்நகரைத் தலைமையிடமாகக் கொண்டு எழுந்த ஹைதர் அலியின் வலிமை, அவனுடைய குதிரைகளிலும் காளைகளிலும் இருந்தது என்றால் மிகையாகாது. 1767-ஆம் ஆண்டு தொடங்கிய முதல் மைசூர்ப் போரின் இறுதிக் கட்டத்தில் அவன் செய்த செயல் ஒன்றைத் தமிழ்நாட்டார் அனைவரும் அறிந்திருக்க வேண்டும்.

1769-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம். கம்பெனியின் படை ஹைதரைத் தேடித் தென்னார்க்காட்டுப் பகுதியில் அலைந்துகொண்டிருந்தது. ஹைதர் தன் பெரும்படையையும், பீரங்கிகளையும், மூட்டை முடிச்சுகளையும் ஆத்தூர்க் கணவாய் வழியாக மேற்கே அனுப்பிவிட்டான். தேர்ந்தெடுத்த 6,000 குதிரை வீரர், 200 காலாட்கள் ஆகியோருடன், ஒரு பீரங்கிகூட இல்லாமல், சென்னையை நோக்கித் திரும்பினான். மூன்றரை நாளில் 130 மைல் கடந்து, மார்ச்சு 29-ஆம் நாள் சென்னைக்கு ஐந்து மைல் தொலைவில் வந்து நின்றான் என்று வரலாற்றாசிரியர் வில்க்சு எழுதுகிறார். கோட்டையைத் தாக்க அவனிடம் கருவி இல்லை; அதற்குத் தேவையும் ஏற்படவில்லை. அவன் அங்கு வந்து நின்றதே போதுமானதாயிற்று. சென்னை ஆட்சிக் குழுவினர் பரங்கிமலைக்குத் தூதனுப்பினர். ஏப்ரல் முதல் வாரத்தில் உடன்படிக்கை எழுதப்பட்டது.

எதை விட்டுச் செல்வது என்று முதலில் முடிவு செய்தவன் வென்றான் என்பதே இந்நிகழ்ச்சியின் சாரம். பீரங்கிகளை அவன் தொலைத்துவிடவில்லை. அவற்றுக்கு அப்பயணத்தில் வேலையில்லை என்று கண்டு, பாதுகாப்பான வழியில் வீட்டுக்கு அனுப்பினான்.

பதினோராண்டுகள் கழித்து இரண்டாம் மைசூர்ப் போர் நிகழ்ந்தபோது, அதே பாடத்தைக் காஞ்சிபுரத்தின் அருகே கம்பெனியார் வேறு விதமாகக் கற்றனர். 1780-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் நாள் புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்தது. சில மைல் தொலைவில் காஞ்சியில் இருந்த சர் ஹெக்டர் மன்றோ உரிய காலத்தில் உதவிக்குச் சென்று சேரவில்லை. மறுநாள் அவர் தம் கனத்த பீரங்கிகளைக் காஞ்சியின் பெருங்குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார். தரியா தௌலத் மாளிகையின் மேற்குச் சுவரில் புள்ளலூர்ப் போர் மிகப் பெரிய ஓவியமாகத் தீட்டப்பட்டுள்ளது. பல்லக்கில் இருக்கும் பெய்லியையும், தீப்பற்றி வெடிக்கும் வெடிமருந்து வண்டியையும் அதில் காணலாம். வெற்றிக்கென்று சுமந்து வந்த பொருளே எரிந்து படையைக் கலைத்த காட்சி அது.

அமிர்த மகாலின் காளைகள்

ஹைதரின் விரைவுக்குப் பின்னே ஒரு நீண்ட ஏற்பாடு இருந்தது. மைசூரை 1673 முதல் 1704 வரை ஆண்ட சிக்கதேவராஜ உடையார் காலத்தில், அரண்மனைக்குப் பாலும் வெண்ணெயும் வழங்க ‘பெண்ணெச் சாவடி’ என்னும் மாட்டுத் துறை அமைந்தது. பெண்ணெ என்பது நம் வெண்ணெய்தான். அப்பசுக்களின் கன்றுகள் நீண்ட கால்களும், ஒடுங்கிய முகமும், பின்னோக்கி வளைந்த கூரிய கொம்புகளும் உடையவை; ஓட்டத்தில் சளைக்காதவை. ஹைதர் அவற்றைப் பீரங்கி இழுக்கப் பயன்படுத்தினான். திப்பு அத்துறைக்கு ‘அமிர்த மகால்’ என்று பெயரிட்டு, அதனை நடத்துவதற்கு ஒழுங்குமுறைகளையும் வகுத்தான்.

1781-ஆம் ஆண்டு சூன் மாதம் சர் அயர் கூட் சிதம்பரம் கோயிற் கோட்டையைத் தாக்கித் தோல்வியுற்றார். செய்தி கேட்ட ஹைதர் இரண்டரை நாளில் நூறு மைல் கடந்து சிதம்பரத்தைக் காக்க வந்தான். அவ்விரைவு அமிர்த மகால் காளைகளாலேயே இயன்றது என்பர். சூலை முதல் நாள் பரங்கிப்பேட்டையில் நடந்த போரில் கூட் வென்றார் என்பது உண்மையே. ஆயினும் அவ்வெற்றியைத் தொடர்ந்து அவரால் ஹைதரைத் துரத்த இயலவில்லை. அவருடைய படைக்கு உணவு கடல் வழியே கப்பலில் வந்தது. கரையை விட்டு உள்ளே செல்ல மாடுகள் போதவில்லை. வென்றவன் நின்ற இடத்திலேயே நிற்க, தோற்றவன் தன் பீரங்கிகளைக் காப்பாற்றிக்கொண்டு விரைந்து அகன்றான்.

காளைக்கும் காளைக்கும் வேறுபாடு உண்டு என்பதை இங்கே கூறவேண்டும். பொதிமாடு முதுகில் இருபுறமும் மூட்டையைத் தொங்கவிட்டு, வழியிலுள்ள புல்லை மேய்ந்து, மெல்ல நடந்து நெடுந்தொலைவு செல்லும். பீரங்கி இழுக்கும் மாட்டுக்கோ நல்ல தீனி வேண்டும், ஓய்வு வேண்டும், பழகிய வண்டிக்காரன் வேண்டும். இருபத்துநான்கு இராத்தல் குண்டெறியும் முற்றுகைப் பீரங்கி ஒன்று ஏறத்தாழ இரண்டரை டன் எடையுள்ளது. அதை இழுக்க நாற்பதுக்கு மேற்பட்ட மாடுகளைப் பூட்டுவர். மேட்டிலும் சேற்றிலும் யானைகள் பின்னிருந்து தலையால் முட்டித் தள்ளும். அப்பீரங்கி எறியும் ஒவ்வொரு குண்டும் பதினொரு கிலோ. அவற்றையும், அவற்றுக்குரிய மருந்தையும், அனைத்தையும் இழுக்கும் மாடுகளுக்கான தீனியையும் சுமக்க வேறு மாடுகள் வேண்டும். சுமை சுமையைப் பெருக்கும் என்பது இதுதான்.

திப்புவின் ஏவுகணைகளை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். இரும்புக் குழலில் மருந்தடைத்து மூங்கிலில் கட்டிய அக்கருவியைச் சுமக்க வண்டி வேண்டுவதில்லை. வீரன் ஒருவனே எடுத்துச் சென்று ஏவிவிடலாம். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கைப்பற்றப்பட்ட இவற்றைப் பார்த்தே இங்கிலாந்தில் காங்கிரீவ் தம் ஏவுகணைகளை உருவாக்கினார். 2018-ஆம் ஆண்டில் சிவமொக்கா மாவட்டத்து நகரா என்னும் ஊரில் பாழுங்கிணறு ஒன்றிலிருந்து ஆயிரம் அளவில் இவ்வகைக் குழல்கள் எடுக்கப்பட்டன.

1791: பீரங்கி வந்தது, அரிசி வரவில்லை

மூன்றாம் மைசூர்ப் போரில் கவர்னர் ஜெனரல் காரன்வாலிசு தாமே படையை நடத்தினார். 1791 மார்ச்சு 21-ஆம் நாள் பெங்களூர்க் கோட்டை வீழ்ந்தது. மழைக்கு முன்னே தலைநகரையும் முடித்துவிடலாம் என்ற எண்ணத்துடன் மே மாதத் தொடக்கத்தில் ஸ்ரீரங்கப்பட்டணம் நோக்கிப் புறப்பட்டார்.

திப்பு அவருடைய வழியில் இருந்த ஊர்களை வெறுமையாக்கி, தானியத்தையும் வைக்கோலையும் அழித்துவிட்டான். மாடுகள் பட்டினியாலும் நோயாலும் நாள்தோறும் மடிந்தன. மே 13-ஆம் நாள் படை அரக்கெரேயை அடைந்தது. 15-ஆம் நாள் நடந்த போரில் காரன்வாலிசே வென்றார். ஆனால் வெற்றியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆற்றைக் கடந்து, மேற்கிலிருந்து வரும் பம்பாய்ப் படையோடு சேர்வதற்காகக் கண்ணம்பாடி வரை பீரங்கிகளை மனிதர்களே இழுத்துச் சென்றனர். இன்று கிருஷ்ணராஜசாகர் அணையை நாம் காணும் இடம் அதுதான். அங்கே படைக்கு உணவு இல்லை. பீரங்கிக்கு மாடு இல்லை. மே 22-ஆம் நாள், அத்தனை துன்பப்பட்டுக் கொண்டுவந்த முற்றுகைப் பீரங்கிகளைத் தாமே உடைத்தழிக்கும்படி காரன்வாலிசு ஆணையிட்டார். நான்கு நாள் கழித்துப் பெங்களூருக்குத் திரும்பினார்.

திரும்பத் தொடங்கிய அன்றே, மேலுக்கோட்டைப் பக்கத்தில் குதிரைப்படை ஒன்று எதிர்ப்பட்டது. பகைவர் என அஞ்சிப் பார்த்தால், துணைக்கு வந்த மராட்டியர்! திப்புவின் இலேசான குதிரை வீரர்கள் தூதர்களை இடைமறித்துவிட்டதால், அவர்கள் இவ்வளவு அண்மையில் வந்திருப்பது காரன்வாலிசுக்குத் தெரியவில்லை. மராட்டியர் முகாமின் கடைத்தெருவில் அரிசியும் பருப்பும் எல்லாப் பண்டங்களும் குவிந்து கிடந்தன. விலைதான் வானளாவி இருந்தது. சில நாள் முன்னே தெரிந்திருந்தால் பீரங்கிகள் தப்பியிருக்கும்.

இத்தோல்வியிலிருந்து காரன்வாலிசு பாடம் கற்றார். அலெக்சாந்தர் ரீடு என்னும் அதிகாரி, தக்காணமெங்கும் பொதிமாட்டு மந்தைகளோடு திரிந்து தானியம் விற்கும் இலம்பாடி வணிகர்களைப் படைக்கு உணவளிக்க அமர்த்தினார். அவர்களுக்கு வழி, பாதுகாப்பு, நியாய விலை ஆகியன உறுதி செய்யப்பட்டன. பல்லாயிரம் பொதிமாடுகள் வந்து சேர்ந்தன. இந்த ரீடுதான் பின்னர் 1792-இல் பாரமகாலின், அதாவது இன்றைய சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளின் ஆட்சிப் பொறுப்பை ஏற்று, தாமஸ் மன்றோவைத் துணையாகக் கொண்டு நிலவரி முறையை வகுத்தவர்.

1792 பிப்ரவரி 6-ஆம் நாள் இரவு, உணவுக் கவலை நீங்கிய அதே காரன்வாலிசு, பீரங்கி ஒன்றும் இல்லாமல் காலாட்படையை மட்டும் மூன்று பிரிவாக அனுப்பி, கோட்டைக்கு வெளியே இருந்த திப்புவின் பாசறையைத் தாக்கினார். ஓராண்டுக்கு முன் பீரங்கிகளை இழுத்துக் களைத்தவர், அவற்றைப் பின்னே நிறுத்திவிட்டு வென்றார். மார்ச்சு மாதத்தில் திப்பு தன் நாட்டில் பாதியை இழந்து, மூன்று கோடியே முப்பது இலட்சம் ரூபாய் தரவும், மைந்தர் இருவரைப் பிணையாக அனுப்பவும் இசைந்தான். திண்டுக்கல்லும் பாரமகாலும் அப்போதுதான் கம்பெனியின் கைக்கு வந்தன.

1799: பெருஞ்சுமையின் வெற்றி

இவ்வளவையும் படித்து, ‘இலேசாகச் சென்றவன் வெல்வான்’ என்று நான் ஒரு முடிவு கட்டியிருந்தேன். 1799-ஆம் ஆண்டுச் செய்தி அதனைக் குலைத்தது.

அவ்வாண்டு பிப்ரவரியில் வேலூரிலிருந்து புறப்பட்ட ஜெனரல் ஹாரிசின் படை, ஆம்பூரில் நிசாமின் படையோடு சேர்ந்தது. போர் வீரரைப் போலப் பல மடங்கு பணியாட்கள், வணிகர், குடும்பத்தார். ஓர் இலட்சத்தை ஒட்டிய காளைகள். அதிகாரிகள் கூடாரம், கட்டில், மேசை, மதுப்புட்டி, ஆடு, கோழி அனைத்தையும் உடன்கொண்டு வந்தனர். நகரும் நகரம் ஒன்றைப் போல, மைல் கணக்கில் அகன்ற பெருஞ்சதுரமாக அது ஊர்ந்தது. மாடுகள் மடிய, நாள்தோறும் வழிநெடுகப் பொருள்கள் சிதறின.

எனினும் அது வந்து சேர்ந்தது. மார்ச்சு 27-ஆம் நாள் மளவள்ளியில் திப்புவை வென்றபின், ஹாரிசு எதிர்பார்க்கப்பட்ட வழியை விட்டுத் தெற்கே திரும்பிச் சோசலையில் காவிரியைக் கடந்தார். திப்பு பழைய வழியில்தான் தீவனத்தை அழித்து வைத்திருந்தான். புதிய வழியில் புல்லும் தானியமும் இருந்தன. ஏப்ரல் 5-ஆம் நாள் படை கோட்டையின் மேற்கே முகாமிட்டது.

ஏப்ரல் 16-ஆம் நாள் அரிசி மூட்டைகளை அளந்து பார்த்தபோது ஹாரிசு திடுக்கிட்டார். இழப்பாலும் களவாலும் இருப்பு சுருங்கி, போர் வீரருக்கு மட்டும் அரைப்படி வீதம் அளந்தாலும் பதினெட்டு நாளுக்கே போதும் என்ற நிலை! ஓர் இலட்சம் மாடுகளோடு வந்த படையின் உயிர் பதினெட்டு நாளில் தொங்கியது. ரீடு முதலியோர் காவேரிபுரம் கணவாய் வழியே கொண்டுவந்த தானியம் கோட்டை விழுந்த பின்னரே வந்து சேர்ந்தது. கணக்கில் இருப்பதும் மூட்டையில் இருப்பதும் வேறு வேறு என்பதை, பொருள் இருப்புப் பதிவேட்டைச் சரிபார்த்த எழுத்தர் எவரும் உணர்வர்.

ஆனால் இம்முறை பீரங்கிகள் இருந்தன. அவை மேற்குச் சுவரை உடைத்தன. பதினெட்டாம் நாளாகிய மே 4-ஆம் நாள் பிற்பகலில் வீரர்கள் காவிரியின் குறைந்த நீரைக் கடந்து உடைப்பின் வழியே ஏறினர். சில மணி நேரத்தில் கோட்டை விழுந்தது. திப்பு போரிட்டு மாண்டான். தந்தை குதிரை மேல் நாட்டையே தன் கோட்டையாக்கிக்கொண்டான். மகன் இறுதியில் மதிலுக்குள் அடைபட்டான். மதிலை உடைக்க வருபவனுக்குக் கனத்த பீரங்கி தேவையே. காரன்வாலிசு 1791-இல் செய்த தவறு பீரங்கி கொண்டுவந்தது அன்று. பீரங்கியைச் சுமப்பவர்க்குச் சோறும் மாட்டுக்குத் தீனியும் எண்ணாமல் வந்தது.

கோட்டை விழுந்தபின் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் பொறுப்பை ஏற்றவர் ஆர்தர் வெல்லெசுலி. பின்னாளில் வெலிங்டன் கோமகன் என்று புகழ்பெற்றவர். நல்ல மாடுகளும், அவற்றை நன்கு ஓட்டிப் பேணுவாரும் இல்லாமல் போர் நடத்த இயலாது என்பதை அவர் தம் கடிதங்களில் பலமுறை வற்புறுத்தியுள்ளார். அமிர்த மகால் மந்தைகள் கம்பெனியின் கைக்கு மாறின. 1860-களில் செலவைக் குறைப்பதாக எண்ணி அத்துறையைக் கலைத்த அரசு, சில ஆண்டுகளில் தவற்றை உணர்ந்து மீண்டும் அமைத்தது. சிக்கமகளூர் மாவட்டம் அஜ்ஜம்புரத்தில் அவ்வினத்தைப் பேணும் பண்ணை உள்ளது.

நம் மூட்டைகள்

இவ்வரலாற்றை நம் சிறு பயணங்களுக்குப் பொருத்திப் பார்ப்பது பிழையாகாது என நம்புகிறேன். பயணம் எதற்காக என்று முதலில் முடிவு செய்க. ஹைதரைப் போல, அதற்கு வேலையில்லாத பொருளை வீட்டிலேயே விடுக. போகும் இடத்தில் கிடைக்கும் பொருளைச் சுமக்கற்க. கிடைக்காத மருந்தையும் மூக்குக் கண்ணாடியையும் மறவற்க. ஒரு கையில் பெருமூட்டையைத் தூக்கிச் சாய்ந்து நடப்பதைவிட, பெரும்பாணாற்றுப்படைக் கழுதையைப் போல இருபுறமும் ஒத்த எடையாகப் பிரித்துக்கொள்வது முதுகுக்கு நல்லது. தோள்பை எனில் கனமான பொருள் முதுகை ஒட்டி இருக்கவேண்டும். சக்கரப் பெட்டி எனில் கனம் சக்கரத்தின் பக்கம் இருக்கவேண்டும். இரயிலின் உறங்கும் வகுப்பில் கட்டணமின்றி ஒருவருக்கு 40 கிலோ வரை அனுமதி உண்டு என்பது உண்மையே. ஆயினும் அந்த நாற்பது கிலோவைப் படியேற்றப்போவது யார் என்று எண்ணிப் பார்த்தபின் பெட்டியை அடுக்குக. புறப்படுமுன், தூக்கப்போகிறவரே ஒருமுறை அதைத் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை நடந்து பார்ப்பதைக் காட்டிலும் சிறந்த அளவுகோல் வேறில்லை.

எங்கள் குடும்பம் இவ்வூருக்கு வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு மைசூருக்கு மாற்றலானபோது, தஞ்சைப் பக்கத்துச் சிற்றூரில் இருந்த வீட்டைப் பூட்டிவிட்டு அம்மாவையும் அழைத்து வந்தேன். சுமையுந்து ஒன்று பேசி, இரும்புக் கட்டில் இரண்டு, மர அலமாரி, ஆட்டுக்கல், பித்தளை அண்டா, நெல் குதிரின் மூடி வரை ஏற்றினோம். ஆட்டுக்கல்லை ஏற்ற நால்வர் வேண்டியிருந்தது. அப்பாவின் கணக்கு நோட்டுகள் பரணில் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. நாற்பது ஆண்டு வரவு செலவு; யார் வீட்டுத் திருமணத்துக்கு எவ்வளவு மொய், எந்த ஆண்டு வெள்ளம், எந்தப் பாட்டி எந்த ஊரில் பிறந்தவள் என்பதெல்லாம் அவற்றின் ஓரங்களில் எழுதப்பட்டிருந்தன. ‘வண்டியில் இடமில்லை, அடுத்த முறை எடுத்துக்கொள்வோம்’ என்றேன். அடுத்த முறை சென்றது மூன்றாண்டு கழித்து. கூரை ஒழுகியிருந்தது. பெட்டியின் அடி துருவேறி இற்றுப்போய், உள்ளே கறையான் மண் மட்டுமே இருந்தது.

அலுவலகக் குடியிருப்பின் பின்புறத்தில் அந்த ஆட்டுக்கல் இன்னும் கிடக்கிறது. ஒருநாளும் அதில் மாவரைக்கவில்லை. அந்த நோட்டுகளோ ஒரு கைப்பையில் அடங்கியிருக்கும். கண்ணம்பாடியில் உடைந்த பீரங்கிகளைப் பற்றிப் படித்த இரவில், காரன்வாலிசு எனக்கு அயலவராகத் தோன்றவில்லை. இழுத்து வந்தது பயன்படவில்லை; விட்டு வந்தது திரும்பி வரவில்லை.

அம்மாவுக்கு நினைவு இன்னும் தெளிவாக இருக்கிறது. எண்பதைத் தாண்டிய அவர் சொல்லச் சொல்ல, என் மகள் ஞாயிறுதோறும் ஒரு நோட்டில் உறவுமுறைகளையும் ஊர்ப்பெயர்களையும் எழுதி வருகிறாள். பெங்களூரில் பிறந்து கன்னடப் பள்ளியில் படித்த பெண்ணின் தமிழ் எழுத்தில் ‘ழ’கரமும் ‘ள’கரமும் இடம் மாறுவதுண்டு, பாட்டி திருத்துகிறார். இச்சங்கத்தின் அன்பர்களில் எவர் வீட்டுப் பரணிலாவது அத்தகைய தகரப் பெட்டி இருக்குமாயின், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது மற்ற மூட்டைகளைக் குறைத்துக்கொண்டு அதை எடுத்து வரும்படி வேண்டிக்கொள்கிறேன்.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு காலத்து வெடிமருந்துக் கிடங்கு ஒன்று இரட்டை இரயில் பாதைக்கு இடையூறாக இருந்தது. அதை இடிக்காமல், 2017-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 1,000 டன் எடையுள்ள அக்கட்டடத்தை அடியோடு தூக்கி, நூறு மீட்டருக்கு மேல் நகர்த்தி வைத்தனர். காக்கத் தக்கது என்று முடிவு செய்துவிட்டால் ஆயிரம் டன்னையும் சுமக்க வழி பிறக்கிறது. இரயிலில் செல்லும்போது அந்தப் பகுதி வந்ததும், மடியில் உள்ள பையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்வது இப்போது எனக்குப் பழக்கமாகிவிட்டது. அதில் மகளின் நோட்டு இருக்கிறது.